கீழே மரத்தூண், மேலே வெள்ளைத்தூண்

போன வாரம் புதுச்சேரியில் எடுத்த நாலு படம் போட்டிருந்தேன். "டீச்சர், அந்தத் தூண் வச்ச வீடு எது?" என்று இருபது பேருக்கு மேல் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய என் விரல் ஒத்துழைக்காது. அதனால் சேர்த்து எழுதுகிறேன். நீளமான பதிவு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். சொந்தக்காரர்கள் மட்டும் பாதியில் விடாமல் கடைசிவரை படிக்க வேண்டும். மயிலாப்பூர் வீட்டு விஷயம் உள்ளே இருக்கிறது.

அது ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. புதுச்சேரியில் தமிழர் பகுதியில், பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், அவர் பெயரிலேயே உள்ள தெருவில் இருக்கிறது. 1738ல் கட்டியது என்பார்கள். நாட்குறிப்பு எழுதிய அதே ஆனந்தரங்கப் பிள்ளைதான். ஏழாம் வகுப்பில் டூப்ளே பாடம் வரும்போதெல்லாம் இவர் பெயரைச் சொல்லி, "கவர்னருக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர் நம்ம ஊர்க்காரர்" என்பேனே, நினைவிருக்கிறதா? நம்ம ஊர் என்று சும்மா சொல்லவில்லை. 1709ல் அவர் பிறந்தது சென்னைப் பெரம்பூர்ப் பக்கம். சின்ன வயதில் அப்பாவோடு புதுச்சேரி போனார். வியாபாரம் செய்து, டூப்ளே கவர்னராக இருந்தபோது அவருக்குத் தலைமைத் துபாஷி ஆனார். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பை சாகிற வரைக்கும் விடவில்லை. கப்பல் வந்தது, துணி விலை, யார் யாருக்கு என்ன சீர் கொடுத்தார்கள், யார் எவரைப் பற்றிக் கோள் சொன்னார்கள் என்று எல்லாமே பேச்சுத் தமிழில் இருக்கும். அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்து 1904லிருந்து 1928 வரைக்கும் பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னை அரசாங்கம் வெளியிட்டது. பிரபஞ்சன் இந்த நாட்குறிப்பை வைத்துத்தான் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டு நாவலையும் எழுதினார். இரண்டாவதுக்கு 1995ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

வீடு தனியார் வீடு. டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைகிற இடம் இல்லை, அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். என் பழைய மாணவி ஒருத்தி இப்போது கட்டடக் கலைஞர், பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதே அவளுக்கு வேலை. பெயர் போட்டால் கோபித்துக்கொள்வாள். அவள்தான் ஏற்பாடு செய்து அழைத்துப்போனாள். நம் கொட்டிவாக்கத்தில் பிள்ளையார் கோயில் தெருமுனையில் நின்று காரில் ஏறினால் ஈ.சி.ஆரிலேயே நேராகப் புதுச்சேரி. மூன்று மணி நேரம். அதில் முதல் அரை மணி நேரம் அக்கரை தாண்டுவதற்கே போய்விட்டது, அது வேறு கதை.

உள்ளே போனதும் நடுவில் முற்றம். முற்றத்தைச் சுற்றி மரத்தூண்கள், செதுக்கு வேலை செய்தவை. எண்ணெய் குடித்து எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன மரம், கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கிறது. நம் பக்கத்துப் பெரிய வீட்டில் நிற்கிறோம் என்றுதான் தோன்றும். தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தால் வேறு ஊர். அங்கே மரத்தூண் இல்லை. சுண்ணாம்பு பூசிய வெள்ளைத் தூண்கள், பிரெஞ்சுக்காரர்கள் கட்டுகிற மாதிரி. கீழ்த்தளம் தமிழ்வீடு, மேல்தளம் பிரெஞ்சு வீடு. ஒரே முற்றத்து வெளிச்சம் இரண்டின் மேலும் விழுகிறது.

இந்த மாதிரிக் கலப்பு வீடுகள் புதுச்சேரியில் பிறகு நிறைய வந்தன. கீழே திண்ணை, ரேழி, முற்றம், மரத்தூண் என்று நம் கணக்கு. மேலே வளைவு வைத்த ஜன்னல், சுவரோடு ஒட்டிய அரைத்தூண், சாந்தில் பூ வேலை, மட்டமான மொட்டைமாடி. இந்தப் பழக்கத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளை வீடு பெரியண்ணன் மாதிரி.

"ரெண்டு பண்பாடும் எவ்வளவு அழகாகக் கலந்திருக்கிறது!" என்று சுற்றுலாக் கையேடுகளில் எழுதுவார்கள். எனக்கு அவ்வளவு இனிப்பாகத் தோன்றவில்லை. 1748ல் இங்கிலீஷ்காரர்கள் புதுச்சேரியை முற்றுகையிட்ட நேரம், அந்தச் சந்தடியில் பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையால் தடுக்க முடியவில்லை. அவ்வளவு செல்வாக்கு உள்ள மனிதர், மனம் நொந்து நாட்குறிப்பில் எழுதத்தான் முடிந்தது. கவர்னரிடம் பேசிவிட்டு வந்து இந்த முற்றத்தில்தானே கால் கழுவியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மாடியில் நிற்கிற வெள்ளைத்தூண் ஆசைக்கு வைத்ததா, அந்தஸ்துக்கு வைத்ததா, பிழைப்புக்கு வைத்ததா? மூன்றும் இருந்திருக்கும். நம் வீடுகளில் ஹாலுக்கு சோபாவும் அடுக்களைக்கு அரிவாள்மணையும் வைத்துக்கொள்கிறோமே, அதற்கும் இதற்கும் ரொம்பத் தூரம் இல்லை.

1761 ஜனவரி 12ல் அவர் காலமானார். நாலே நாளில் ஊர் இங்கிலீஷ்காரர் கைக்குப் போனது. கோட்டையையும் பிரெஞ்சுக்காரர்களின் பெரிய கட்டடங்களையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் போட்டோ எடுத்துக்கொள்கிற மஞ்சள் சுவர்த் தெருக்கள் எல்லாம் 1765ல் ஊர் திரும்பப் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த பிறகு கட்டியவை. ஆக, கவர்னர் டூப்ளே கட்டிய மாளிகை இல்லை. அவருடைய துபாஷி கட்டிய வீடு இருக்கிறது.

சரி, இப்போது வீட்டின் உள்ளமைப்புக்கு வருகிறேன். இது பாடம்தான், நோட்டு எடுக்க வேண்டாம்.

புதுச்சேரித் தமிழ்த்தெருவில் ஒரு வீட்டுக்குள் போவதென்றால் முதலில் தாழ்வாரம். நாம் முற்றத்தைச் சுற்றி ஓடுகிற சாய்ப்புக் கூரையைத் தாவாரம் என்போம். அங்கே தாழ்வாரம் என்பது தெருப்பக்கம். மரக்கால் நட்டு, ஓடு வேய்ந்து, தெருவை ஒட்டி இறக்கியிருப்பார்கள். வெயிலில் போகிறவன் அதன் அடியிலேயே ஒதுங்கி ஒதுங்கித் தெருக்கோடிவரைக்கும் போய்விடலாம். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீட்டு அகலத்துக்குப் போட்ட நிழல், சேர்ந்து தெருவுக்கே நிழல். இப்போது யார் போடுவார்கள்? கார் நிறுத்த இடம் போய்விடும் என்பார்கள்.

அடுத்தது திண்ணை. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் போன மாதம் என் பேரன், "பாட்டி, அது சோபாவா?" என்று கேட்டான். அதனால் சொல்கிறேன். வாசற்கதவுக்கு இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் கட்டிய மேடை. வழிப்போக்கன் படுத்து எழுந்து போகலாம், வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் என்று தனியாகக் கட்டுவதற்கு முன்னால் நம் ஊரில் பள்ளிக்கூடமே திண்ணைதான். மணலில் விரல் வைத்து அகரம் எழுதினார்கள். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோவில் கல்வி வரலாறு என்று ஒரு தாள் இருந்தது. அதில் திண்ணைப் பள்ளிக்கு இரண்டு பக்கம்தான் கொடுத்திருந்தார்கள். என்னைக் கேட்டால் இருபது பக்கம் கொடுத்திருக்க வேண்டும்.

திண்ணையைத் தாண்டி உள்ளே நுழைந்தால் ரேழி. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் கேட்டு ஒருத்தரும் சொல்லாத கேள்வி இது. இடைகழி என்பது தேய்ந்து ரேழி ஆனது. வாசலுக்கும் கூடத்துக்கும் இடையில் இருக்கிற குறுகிய நடை. முதலாழ்வார்கள் மூன்று பேரும் திருக்கோவலூரில் மழைக்கு ஒதுங்கியது ஓர் இடைகழியில்தான். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்று அந்தக் கதையில் வரும் இல்லையா? அதுதான் ரேழியின் அளவு. தெருவில் நிற்கிறவர் கண்ணுக்கு வீட்டின் உள்பக்கம் முழுசாகத் தெரியாமல் ஒரு மறைப்பு. செருப்பு, குடை, சைக்கிள் எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம் கூடம், முற்றம். ஒட்டு வீடுகளில் பக்கத்துச் சுவரில் ஜன்னல் வைக்க முடியாது. இந்தப் பக்கச் சுவரும் அந்தப் பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு பொது. பதினெட்டு அடி அகலம், நூறு அடி நீளம் என்று ரயில்பெட்டி மாதிரி இருக்கும். காற்றும் வெளிச்சமும் எங்கிருந்து வரும்? மேலேயிருந்து. அதற்குத்தான் முற்றம். சூடான காற்று அந்த வழியாக மேலே போகும், வாசல் பக்கமிருந்து புதுக்காற்று உள்ளே இழுக்கும். மழைத்தண்ணீர் நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் முற்றத்தில் விழும். கீழே அண்டா வைத்துப் பிடித்துக்கொள்ளலாம், மிச்சம் தூம்பு வழியாகக் கொல்லைக்குப் போகும். வடகம் காய்வது, குழந்தைக்குத் தலை துவட்டுவது, நிலா பார்ப்பது எல்லாம் அங்கேதான். வீட்டுக்குள் இருந்தபடியே வானம் பார்க்கலாம். முற்றத்தை மூடி கிரில்லும் பிளாஸ்டிக் தகடும் போட்ட வீடுகளில் பகலிலேயே டியூப்லைட் எரிகிறதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு மூக்கை அடைத்த மாதிரி.

மேலே கூரை. மட்டக்கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். நம் ஊர்ப் பெயரில் நாடெல்லாம் தெரிந்த வேலை இது, நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. தேக்கு உத்தரத்தின் மேல் தேக்குச் சட்டங்களை நெருக்கமாக அடுக்குவார்கள். மெல்லிய சின்னச் செங்கல்லை எடுத்து, படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, மூலையில் ஆரம்பித்துச் சாய்வு வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே வருவார்கள். அடியில் பலகை முட்டுக் கொடுப்பதில்லை. முன் வரிசைக் கல்லே பின் வரிசைக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பு. கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது. எங்கள் மயிலாப்பூர் வீட்டில் சித்திரை மாதத்து மத்தியானம் கூடத்தில் பாய் இல்லாமல் வெறுந்தரையில் படுத்து, மேலே பார்த்து அந்தச் சாய்வுக் கல் வரிசையை எண்ணியிருக்கிறேன். இங்கே கொட்டிவாக்கம் ஃப்ளாட்டில் மூன்றாவது மாடி. மேலே வெறும் கான்கிரீட். மே மாதம் எண்ணுவதற்குக் கரண்ட் பில்தான் இருக்கிறது.

புதுச்சேரியில் வைசியாள் வீதி என்று ஒரு தெரு இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டை விட அங்கேதான் எனக்கு அதிக நேரம் போனது. 2002லிருந்து 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்துப் பண உதவியில், புதுச்சேரி நகராட்சியும் இன்டாக் அமைப்பும் சேர்ந்து அந்தத் தெருவை எடுத்துப் பழுது பார்த்தார்கள். இத்தாலியில் உர்பினோ என்ற ஊரும் பிரான்சில் வில்நெவ்-சுர்-லோ என்ற ஊரும் கூட்டாளிகள். ஒற்றை மாளிகை இல்லாமல் ஒரு வரிசை வீடுகளை, வரிசையாகவே சரிசெய்தார்கள். தாழ்வாரம் திரும்ப வந்தது. திண்ணையை மறைத்திருந்த தடுப்புகள் போயின. 2008ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. அந்த வேலையில் எனக்குப் பிடித்தது, வீட்டுக்காரர்களை வெளியே அனுப்பவில்லை என்பது. யாருடைய வீடோ அவர்களே குடியிருந்தார்கள். திருத்தியது பெரும்பாலும் தெரு முகத்தைத்தான். உள்ளே அவரவர் வசதிக்கு கிரைண்டரும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் இருக்கிறது.

"முகத்தை மட்டும் மேக்கப் போட்டால் போதுமா?" என்று மாணவியிடம் கேட்டேன். முற்றம் இல்லாமல் திண்ணை மட்டும் இருந்தால் அது நாடக செட் மாதிரிதானே. அவள் சொன்னாள்: "டீச்சர், முழுசாகத்தான் காப்பாற்ற வேண்டும் என்று சொன்னால் வீட்டுக்காரர் பயந்துபோய் மொத்தமாக இடித்துவிடுவார். முன்பக்கம் இருந்தால் என்றைக்காவது உள்பக்கம் திரும்ப வரலாம். இடித்துவிட்டால் வராது." நான் பாடம் எடுத்த பிள்ளை, இப்போது எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

அரசாங்கம் பாதுகாக்கிறது என்ற ஒரு நம்பிக்கை நமக்கு. பட்டியலில் பெயர் வந்தால் போதும், போர்டு மாட்டினால் போதும் என்று. புதுச்சேரிக் கடற்கரையில் பிரெஞ்சுக்காரர் கட்டிய மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சி மாளிகை, 2014 நவம்பர் 29ல் மழையில் இடிந்து விழுந்தது. கட்டி நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிருந்தது. அரசாங்கக் கட்டடம், ஊருக்கே அடையாளம், பாரம்பரியச் சின்னம். ஒருத்தரும் புழங்காமல் பூட்டியே கிடந்தது. கூரையில் தேங்குகிற தண்ணீரை யார் தள்ளுவார்கள்? பிறகு உலக வங்கிப் பணத்தில் அதே வடிவில் புதிதாகக் கட்டி 2021ல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. பழையது இல்லை.

நம் சென்னைக் கதை இதைவிட மோசம். உ.வே.சாமிநாதையர் 1903ல் கும்பகோணத்திலிருந்து மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்தபின் திருவல்லிக்கேணிப் பக்கம் திருவேட்டீசுவரன்பேட்டையில் குடியிருந்தார். அந்த வீட்டுக்கு 'தியாகராச விலாசம்' என்று பெயர் வைத்தார். தனக்கு வேலை வாங்கிக் கொடுத்த தியாகராச செட்டியாரின் நன்றிக்காக. ஏடு பார்த்ததும் பதம் பிரித்ததும் குறுந்தொகைக்கு உரை எழுதியதும் அங்கேதான். 2012ல் அந்த வீட்டை இடித்தார்கள். தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையத்துக்குச் சட்டம் போட்டதும் அதே 2012ல்தான் என்பது நம் தலையெழுத்து. ஐயர் சேர்த்த சுவடிகளும் புத்தகங்களும் பெசன்ட் நகரில் அவர் பெயரில் உள்ள நூல்நிலையத்தில் பத்திரமாக இருக்கின்றன. இங்கிருந்து ஆட்டோவில் பதினைந்து நிமிஷம், போகாதவர்கள் போய்ப் பாருங்கள். அவர் உட்கார்ந்து எழுதிய கூடத்தைத்தான் யாராலும் காட்ட முடியாது.

வரும் வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவிலும் இறங்கினோம். உங்களில் பாதிப்பேரை நானே பள்ளி பஸ்ஸில் அங்கே கூட்டிப்போயிருக்கிறேன், புளியோதரைப் பொட்டலத்தோடு. 1996ல் திறந்தது. லாரி பேக்கர் வடிவமைத்துக் கொடுத்த இடம். செட்டிநாட்டு வியாபாரி வீடு, அக்கிரகாரத்து வீடு, காஞ்சிபுரம் நெசவாளர் வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு என்று தென்னாட்டு வீடுகள். பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூண் தூணாக, கதவு கதவாகப் பிரித்து, எண் போட்டு எடுத்துவந்து மறுபடி நிறுத்தினார்கள். அது இல்லையென்றால் அந்தத் தூண்கள் எல்லாம் எந்த ஓட்டலில் எந்த ரிசப்ஷனில் நின்றுகொண்டிருக்குமோ. பெரிய காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் செட்டிநாட்டுக் கூடத்தில் நின்றபோது, பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் இல்லை என்பதை என் காது கவனித்தது. மாணவியிடம் சொன்னேன், சிரித்தாள்.

இனி நம் மயிலாப்பூர் வீடு. மாணவர்கள் வேண்டுமானால் இங்கே எழுந்து போகலாம். இருந்தாலும் தப்பில்லை, உங்களில் பலபேர் வீட்டிலும் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

தாத்தா வீடு தெற்கு மாட வீதிக்குப் பின்னால் சந்தில் இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். பதினெட்டடி முகம், தொண்ணூற்றாறு அடி ஆழம். தாழ்வாரம் போய் ரொம்ப நாள் ஆயிற்று, தெருவை அகலப்படுத்தியபோது எடுத்துவிட்டார்கள். திண்ணை இருக்கிறது. ரேழி இருக்கிறது. முற்றத்துக்கு நாலு மரத்தூண், அதில் கிழக்குத் தூணின் அடியில் கறையான் ஏறியிருக்கிறது. கடைசியாகக் குடியிருந்தவர்கள் காலிசெய்து மூன்று வருஷம் ஆகிறது. பெரியண்ணனும் தம்பியும் அக்கா பிள்ளைகளும் சேர்ந்து பில்டரிடம் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். மொத்தமாக இடித்துவிட்டு அடுக்குமாடி, ஆளுக்கு ஒரு ஃப்ளாட். நான் மட்டும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அதற்காகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எனக்கு இரண்டு வாரமாகக் குட்மார்னிங்கூட வருவதில்லை.

புதுச்சேரியிலிருந்து வந்த மறுநாளே மாணவியை அழைத்துப்போய் வீட்டைக் காட்டினேன். திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறினால் திருமயிலையில் இறங்கி நடக்கிற தூரம். அவள் டார்ச் அடித்து ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கூரைச் சட்டங்களில் மூன்றுதான் உளுத்திருக்கின்றன, மாற்றிவிடலாம். மேலே முளைத்திருக்கிற அரசங்கன்றை உடனே வேரோடு எடுக்க வேண்டும், வெறுமனே வெட்டினால் திரும்ப வரும். சுவரில் உப்புப் பூத்து உதிர்வதற்குக் காரணம் சுவர் இல்லை, அதன் மேல் பின்னாளில் ஒரு கொத்தனார் பூசிய சிமெண்ட். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதை வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு செங்கல்லைத் தின்னும். அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசினால் இரண்டு கோடையில் சுவர் காய்ந்துவிடும். பின்பக்கத்து அடுக்களையும் கிணற்றடிக் கொட்டகையும் மட்டும் தேறாது.

அதனால் நான் சொல்கிற யோசனை இது. வாசலிலிருந்து முற்றம் முடிகிறவரை ஐம்பது அடியை அப்படியே விட்டுவிடுவோம். அதற்குப் பின்னால் இருக்கிற நாற்பத்தாறு அடியில் எவ்வளவு கட்ட முடியுமோ கட்டுவோம். ஆளுக்கு ஒரு ஃப்ளாட் வராது. ஒரு ஃப்ளாட் குறையும். குறைகிற அந்த ஒன்று என்னுடையதாக இருக்கட்டும், எனக்குக் கொட்டிவாக்கத்தில் கூரை இருக்கிறது. அகலம் போதாது, படிக்கட்டுக்கு இடம் வேண்டும், அனுமதி கிடைக்குமா என்றெல்லாம் தம்பி கேட்பான். அவள் வரைந்து கொடுத்த படமும் செலவுக் கணக்கும் என்னிடம் இருக்கிறது, குழுவில் போடுகிறேன். பார்க்காமலே "நடக்காது" என்று தம்ஸ்டவுன் போடாதீர்கள்.

பெரியண்ணன் போனில் கேட்டது நியாயமான கேள்வி. "பூட்டி வச்சு என்ன பண்ணப் போறே? நீ போய் அங்க இருக்கப் போறியாம்மா?" இருக்கப்போவதில்லை, அண்ணா. என் முழங்காலுக்கு அந்த வாசற்படி ஒத்துவராது. ஆனால் பூட்டிவைக்கவும் போவதில்லை. மேரி கட்டடம் விழுந்தது பூட்டி வைத்ததால்தான். அந்தச் சந்தில் வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள் சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் தெருவில்தான் திரிகிறார்கள். திண்ணையிலும் கூடத்திலுமாக முப்பது பேர் உட்காரலாம். வாரத்தில் நாலு நாள் நான் வருகிறேன். மற்ற நாளுக்கு வருவதாக ஓய்வுபெற்ற இரண்டு டீச்சர்கள் இப்போதே சொல்லிவிட்டார்கள். மழை பெய்தால் முற்றத்துத் தூம்பு அடைத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் தினமும் உள்ளே இருந்தால் போதும், அந்த வீடு நம் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிடும்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. நீ அனுப்பிய மெசேஜில், "அந்த வீட்டில் என்ன இருக்கு, வெறும் பழைய கட்டை" என்று எழுதியிருந்தாய். உனக்கு அம்மை போட்டபோது பதினோரு நாள் உன்னை அந்த ரேழியில்தான் வேப்பிலை போட்டுப் படுக்கவைத்திருந்தோம். கூடத்துக்குக் காற்றும் போக வேண்டும், மற்ற பிள்ளைகள் கிட்டே வராமலும் இருக்க வேண்டும் என்று அம்மா அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். நீ கேட்டதால் சொல்கிறேன்.

யாருடைய பங்கையும் நான் மறிக்கவில்லை. வரும் ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குத் தாத்தா வீட்டிலேயே கூடுவோம். மாணவியும் வருவாள், அண்ணன் சொன்ன பில்டரையும் வரச்சொல்லுங்கள், இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முற்றத்தில் நின்று பார்த்தபிறகும் எல்லாரும் இடிக்கத்தான் வேண்டும் என்றால் நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒவ்வொரு அறையையும் அளந்து, படம் எடுத்து, அந்த நாலு தூணும் பழைய மரக்கடைக்குப் போகாமல் என்னிடம் வரும் என்று எழுதிக்கொடுக்க வேண்டும்.

சாவி தெருமுனை இஸ்திரிக்காரரிடம் இருக்கிறது. முன்னாலேயே வருகிறவர்கள் வாங்கித் திறந்து வையுங்கள். கிழக்குத் தூணில் மட்டும் யாரும் சாய வேண்டாம். டிபன் நான் கொண்டுவருகிறேன், காபிக்கு மட்டும் அண்ணி ஃபிளாஸ்க் எடுத்துவரட்டும்.